சரக்கு வண்டிக்காரனின் துப்பாக்கி

போடிநாயக்கனூரில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய அம்மாக்கள் இரண்டு வகை. முதல் வகை, ‘இன்ஃபென்ட்ரி’ என்ற சொல்லைத் திக்காமல் சொல்லத் தெரிந்தவர்கள். செய்தியில் காஷ்மீர் என்று காதில் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து டி.வி. முன்னால் நிற்பார்கள். இரண்டாவது வகை, “எம் மவன் டிரைவர்தான், சண்டைக்கெல்லாம் போறதில்ல” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பவர்கள். என் அம்மா இரண்டாவது வகை.

தம்பி 2018இல் ராணுவத்தில் சேர்ந்தான். லாரி ஓட்டுகிறான். அதற்கு முன்னால் போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் இருந்தான். விடிவதற்கு முன் பஸ் ஸ்டாண்டு பக்கம் தூக்குவாளியோடு நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தாம்பாறை என்று இறக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் திரும்ப அழைத்து வருகிற வேலை. அம்மாவும் அப்படி ஒரு ஜீப்பில் இருபது வருஷத்துக்கு மேல் காய் எடுக்கப் போனவள்தான். ஆகவே மகன் ஒரு மலையில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு இன்னொரு மலையில் வண்டி ஓட்டப் போயிருக்கிறான், சம்பளமும் பென்ஷனும் வரும் என்பதுதான் அவள் கணக்கு.

ராணுவத்தில் இந்த வேலைகளைப் பெரும்பாலும் பார்ப்பது ஆர்மி சர்வீஸ் கோர். சுருக்கமாக ஏ.எஸ்.சி. மளிகைக் கடை, லாரி ஷெட், பெட்ரோல் பங்க் மூன்றையும் சேர்த்து ஒரு படைப்பிரிவாக ஆக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. அரிசி, மாவு, காய்கறி, டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் அவர்கள் வழியாகத்தான் மேலே போகும். லாரி ஏறாத இடத்துக்குக் கோவேறு கழுதை. 1760இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் வங்காளப் படைக்கு உணவு சேகரித்துக் கொடுக்க ஓர் அதிகாரியை நியமித்ததிலிருந்து இந்தப் பிரிவு தன் வயதைக் கணக்கிடுகிறது. டிசம்பர் 8 அதன் பிறந்தநாள். பயிற்சி மையமும் கல்லூரியும் பெங்களூரில் இருக்கின்றன.

போடிக்காரர்களுக்கு இந்தத் தொழில் புதிதில்லை. எங்கள் ஊரே மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் சரக்கு மாற்றிக் கொடுத்து வளர்ந்த ஊர். மூணாறுப் பக்கத்துத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்தது. 1928இல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து போருக்குப் போனவற்றில் தண்டவாளமும் ஒன்று. இன்றைக்கும் ரோடு போகாத மலைக் கிராமங்களுக்குக் குதிரை முதுகில்தான் அரிசி பருப்பு ஏறுகிறது. மிளகும் காப்பிக்கொட்டையும் அதே முதுகில் இறங்குகின்றன. தேர்தல் வந்தால் ஓட்டு மெஷினும் அப்படித்தான் போகும்.

இப்படிப்பட்ட ஊரில் ‘சரக்கு ஏத்துறவனுக்குத் துப்பாக்கி எதுக்கு’ என்ற கேள்வி வருவது இயல்பு. சரக்கு ஏற்றுகிறவனுக்கு வேண்டியது நல்ல பிரேக், நல்ல முதுகு. அவ்வளவுதானே?

தம்பிக்குப் பயிற்சியில் முதலில் கையில் கொடுத்தது ஸ்டியரிங் இல்லை. துப்பாக்கி. டிரைவராகச் சேர்ந்தவன், சமையல்காரனாகச் சேர்ந்தவன், கிளார்க்காகச் சேர்ந்தவன் எல்லோரும் முதலில் சிப்பாய் ஆக வேண்டும். அணிவகுப்பு, உடற்பயிற்சி, துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவது, இலக்கைச் சுடுவது, தரையோடு தரையாக ஊர்வது, இரவில் சத்தமில்லாமல் நடப்பது. அதற்குப் பிறகுதான் அவரவர் தொழில். அதோடும் முடியவில்லை. பி.பி.இ.டி. என்று ஒரு தேர்வு உண்டு. சண்டைக்கான முழுச் சுமையும் துப்பாக்கியும் சுமந்து 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். பிறகு 60 மீட்டர் பாய்ச்சல், கயிறு ஏறுவது, கயிற்றில் தொங்கிக்கொண்டு கடப்பது, 9 அடிப் பள்ளம் தாண்டுவது. சப்பாத்தி சுடுகிறவரும் ஓட வேண்டும்.

“எங்க பேட்ச்ல ஒரு குக் இருந்தாரு, யக்கா. கயிறு ஏறுறதுல எங்க எல்லாரையும் முந்திருவாரு. கேட்டா, ஏழு வயசுலருந்து தென்னை ஏறுறேன்டாம்பாரு” என்று சிரித்தான்.

லீவில் வந்திருந்தபோது ஒருநாள் அவனோடு போடிமெட்டுக்குப் போனேன். 17 கொண்டை ஊசி வளைவு. சின்ன வயதிலிருந்து எண்ணிக்கொண்டு போகிற வளைவுகள். எனக்கு அவை குரங்கும், ஓரத்தில் வாந்தி எடுப்பவர்களும், கீழே பச்சையாகத் தெரியும் மாந்தோப்புகளும். அவனுக்கு வேறு எதுவோ தெரிந்தது. ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்தவன், மேலே இருந்த பாறையைக் கண்ணால் காட்டினான்.

“இந்த இடத்துல முன்னாடி போற வண்டி, பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது. எவனாவது மேல உக்காந்துக்கிட்டு முதல் வண்டிய நிப்பாட்டுனாப் போதும், மொத்த லைனும் நின்னுரும். கடைசி வண்டியயும் அடிச்சுட்டான்னா நடுவுல இருக்கவன் முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் போக முடியாது.”

“நின்னா என்ன செய்வீங்க?”

“நிக்கவே கூடாது. ரோடு அடைபடலைன்னா சுடச்சுட ஓட்டிக்கிட்டே போயிரணும். டயர் போனாலும் ரிம்முலயே ஓட்டணும். அடைபட்டுப் போச்சுன்னா சுடுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குதிக்கணும், ஒதுங்கணும், திருப்பிச் சுடணும். துப்பாக்கி கையெட்டுற தூரத்துல இருக்கணும். சீட்டுக்குப் பின்னால சாக்குக்கு அடியில இருந்தா அது துப்பாக்கி இல்ல, அதுவும் ஒரு சரக்கு.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்றைக்கு வளைவுகளை எண்ண முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. ‘முன்னணி’, ‘பின்னணி’ என்ற பிரிவு வரைபடத்தில் இருக்கிற அளவுக்கு நிலத்தில் இருப்பதில்லை. சண்டைக்காரனை எதிர்கொள்வதைவிட அவனுடைய சோற்றை நிறுத்துவது எளிது என்பது எல்லா எதிரிகளுக்கும் தெரியும். சோறு கொண்டுவருகிறவன் வளைந்த பாதையில் மெதுவாகப் பெரிய வண்டியில் வருகிறான். அவன் வருகிற பாதையும் ஏறக்குறைய நேரமும் தெரியும்.

1944 பிப்ரவரி. பர்மாவின் அரக்கான் பகுதி. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 7ஆவது டிவிஷனுடைய நிர்வாகப் பகுதி மலைக்கணவாய் ஒன்றுக்குக் கீழே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள வெளியில் இருந்தது. உணவுக் கிடங்கு, வெடிமருந்துக் குவியல், கழுதைக் கொட்டடி, பழுதுபார்க்கும் பட்டறை, மருத்துவ நிலையம். ஜப்பானியர் முன்வரிசையைச் சுற்றி வந்து நேரே இந்த இடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். கிளார்க்குகளும் டிரைவர்களும் கழுதைக்காரர்களும் காலாட்படையினரோடும் டாங்கிகளோடும் சேர்ந்து பதுங்குகுழி வெட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஓர் இரவு மருத்துவ நிலையத்துக்குள் புகுந்த ஜப்பானியர் டாக்டர்களையும் நோயாளிகளையும் கொன்றார்கள். உணவும் குண்டும் விமானத்திலிருந்து விழுந்தன. கடைசியில் பின்வாங்கியது ஜப்பானியர்தான். ராணுவ வரலாற்றில் அந்தச் சண்டைக்கு ‘அட்மின் பாக்ஸ்’ என்று பெயர். ஆபீஸ் பெட்டி என்று வேடிக்கையாக மொழிபெயர்க்கலாம். அதற்குள் நடந்தது வேடிக்கை இல்லை.

இரண்டு மாதம் கழித்து கொஹிமா. அங்கே சண்டை நடந்த குன்றுகளின் பெயர்களைப் பார்த்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எஃப்.எஸ்.டி. குன்று என்றால் உணவுக் கிடங்கு இருந்த குன்று. டி.ஐ.எஸ். குன்று என்றால் அன்றாடப் பொருள் வழங்கும் இடம். ஜி.பி.டி. மேடு என்றால் லாரிகள் நின்ற இடம். வரலாற்றில் இடம்பெற்ற ஒரு போர்க்களத்தின் வரைபடம், பார்க்கப்போனால் ஒரு மளிகைக் கிடங்கின் வரைபடம். முற்றுகைக்குள் சிக்கிய சுமார் 2,500 பேரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் சண்டைப் பிரிவைச் சேராதவர்கள். ஜப்பானிய வீரர்கள் புகுந்து ஒளிந்துகொண்ட இடங்களில் ஒன்று, படைக்கு ரொட்டி சுட்ட செங்கல் அடுப்பு. அந்த அடுப்பைச் சுற்றியே கடும் சண்டை நடந்தது.

எதிர்ப்பக்கக் கதையும் சோற்றில்தான் முடிகிறது. கொஹிமாவைத் தாக்கிய ஜப்பானிய டிவிஷன் மூன்று வாரத்துக்கான உணவோடு மலை ஏறி வந்தது. மூன்று வாரத்தில் வேலை முடியவில்லை. பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. அதன் தளபதி சாட்டோ மேலிடத்து உத்தரவை மீறிப் பின்வாங்கினார். அந்த இம்பால் படையெடுப்பில் நேதாஜியின் படையிலும் பசி இருந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். தோட்டத்தில் பால் வெட்டிய கை, மலையில் இலை பறித்துத் தின்றது.

பர்மாவில் 14ஆவது ராணுவத்தை நடத்திய ஜெனரல் ஸ்லிம், காட்டுப் போரில் சண்டை போடாத ஆள் என்று யாரும் கிடையாது என்பதை ஒரு விதியாகவே வைத்திருந்தார். மருத்துவப் பிரிவு உட்பட ஒவ்வொரு பிரிவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும், ரோந்து போக வேண்டும். அன்று எழுதிய அந்தப் பாடத்தை ராணுவங்கள் மறந்துவிட்டு மறுபடி மறுபடி படிக்கின்றன. அந்த மறதிதான் என்னை உறுத்தியது.

வியட்நாமில் 1967 செப்டம்பர் 2ஆம் தேதி, கடற்கரையிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் 19ஆம் எண் சாலையில் அமெரிக்க லாரி வரிசை ஒன்று தாக்கப்பட்டது. அதுவும் கணவாய்ச் சாலைதான். அதன் பிறகு டிரைவர்கள் தாங்களே தங்கள் லாரிகளில் மணல் மூட்டை அடுக்கி, இரும்புத் தகடு அடித்து, இயந்திரத் துப்பாக்கி பொருத்தி ஓட்டினார்கள். அந்த வண்டிகளுக்குப் பெயரும் வைத்தார்கள். போர் முடிந்தது, வண்டிகளும் போயின. 2003 மார்ச் 23 அன்று ஈராக்கின் நசிரியா நகரத்தில் 18 வண்டிகளில் 33 அமெரிக்கர்கள் வழி தவறி நுழைந்தார்கள். பெரும்பாலும் வண்டி, ஆயுதம் பழுதுபார்க்கும் பிரிவினர். 11 பேர் இறந்தார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர் சமையல்காரர், ஷோஷனா ஜான்சன். பல துப்பாக்கிகள் தூசி அடைத்துச் சுடவில்லை என்று அந்த ராணுவத்தின் அறிக்கையே சொன்னது. அதற்குப் பிறகுதான் எந்தத் தொழிலில் இருந்தாலும் ஒவ்வொரு சிப்பாயும் முதலில் போர்வீரன் என்று அங்கே பயிற்சியைத் திருத்தினார்கள். ஸ்லிம் சொன்னதற்கு ஏறத்தாழ 60 வருஷம் கழித்து.

நம் பக்கமும் பார்க்கலாம். 1999 கார்கில் போரின்போது ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையை மேலே தோலோலிங் சிகரத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைகாட்டிய இடத்தில் பீரங்கிக் குண்டு விழுந்தது. ராணுவ லாரிகள் இரவில் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு அந்த வளைவுகளில் ஓடின. போடிமெட்டில் விளக்கில்லாமல் ஒரு வளைவு திரும்பிப் பார்த்தால்தான் அது என்ன வேலை என்று புரியும்.

2023 ஏப்ரல் 20. பூஞ்ச் மாவட்டத்தில் ஒரு ராணுவ லாரி. அன்று சாயங்காலம் பக்கத்துக் கிராமத்தில் நடக்கவிருந்த இஃப்தாருக்குப் பழங்கள் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. வழிமறித்துச் சுட்டார்கள், வண்டி தீப்பிடித்தது, ஐந்து பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்கள் அந்த வருஷம் ரம்ஜான் கொண்டாடவில்லை. இறந்தவர்கள் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் வீரர்கள், அதாவது சண்டைக்கென்றே பழகியவர்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் அவர்கள் ஒரு பழ லாரியில் இருந்தார்கள். வண்டியில் போவது என்பதே தனியான ஓர் ஆபத்து. காலால் நடந்து சண்டை போடத் தெரிந்தவனுக்கும் அது தனியாகப் பழக வேண்டிய ஒன்று.

டிரைவரையும் சமையல்காரரையும் இன்னொரு காலாட்படை ஆக்குவதற்காக இந்தப் பயிற்சி இல்லை. மலையைப் பிடிக்கச் சொல்லி அவர்களை யாரும் அனுப்பப் போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது சில நிமிஷங்கள். உதவி வந்து சேரும்வரை உயிரோடு இருப்பதற்கும், வண்டியை அந்த இடத்தைவிட்டு நகர்த்துவதற்கும், பக்கத்தில் ரத்தம் ஒழுகுகிறவனுக்குக் கட்டுப் போடுவதற்கும், வயர்லெஸ்ஸில் இருக்கிற இடத்தைச் சரியாகச் சொல்வதற்குமான நிமிஷங்கள். கேட்க எளிதாக இருக்கிறது. கை தானாகச் செய்கிற அளவுக்குப் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் வரும்.

பழகுவதற்கு நேரம் வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எந்த நாட்டு ராணுவத்தை எடுத்துக்கொண்டாலும், காலாட்படைக்குச் சண்டை இல்லாத நாள் பயிற்சி நாள். லாரி டிரைவருக்கும் சமையல்காரருக்கும் அப்படி ஒரு நாள் கிடையாது. சண்டை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூன்று வேளை பசிக்கும். பயிற்சிக்குப் போகிற காலாட்படையையும் யாராவது ஏற்றிப் போக வேண்டும். அவர்கள் சுட்டுப் பழகுகிற மைதானத்துக்குச் சோறு போக வேண்டும். வேலை ஓயாதவனுடைய பயிற்சிதான் எப்போதும் ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ ஆகிறது. பாடம் மறந்துபோவதற்குக் காரணம் முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் அவர்கள் தேவைப்படுகிறார்கள், அதுதான் காரணம்.

கழுதைக்குக்கூடப் பதக்கக் கதை உண்டு. 1971 போரில் பாகிஸ்தான் படையிடம் சிக்கிய பெடோங்கி என்ற கோவேறு கழுதை, முதுகில் இயந்திரத் துப்பாக்கியோடும் குண்டுப் பெட்டிகளோடும் தப்பித்து இந்திய முகாமுக்கு நடந்தே வந்து சேர்ந்தது என்று ஏ.எஸ்.சி. பெருமையாகச் சொல்லும். பின்னாளில் அதற்கு நீல வெல்வெட் போர்வை போர்த்தி மரியாதை செய்தார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் வழி தெரிந்த கழுதை திரும்பி வந்ததைச் சொல்கிற அளவுக்கு, விளக்கணைத்துச் சாலையில் ஓட்டி விடியலில் திரும்பி வந்த டிரைவரின் கதையை யாரும் சொல்வதில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். ‘டிரைவர்தான்’ என்ற சொல்லில் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். தூக்கத்தைக் கெடுப்பானேன்? ஆனால் அந்தச் சொல் தம்பியின் வேலையைப் பாதியாக்கிவிடுகிறது. அவன் பழகியதை, பயப்படுவதை, செய்யத் தயாராக இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் மிச்சம் வைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கொஹிமா எல்லாம் இல்லை. வளைவில் அவன் சொன்னதை மட்டும்.

புடைப்பதை அவள் நிறுத்தவில்லை.

“காய் எடுக்கப் போறவளுக்கு யானைகிட்ட என்ன சோலி? அதுக்காக அது வராமயா இருந்துச்சு?” என்றாள்.

சின்னக்கானல் பக்கத்துத் தோட்டங்களில் யானை புதிதில்லை. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய அரிக்கொம்பனை 2023இல் பிடித்துக் கொண்டுபோய்ப் பெரியாறு காட்டில் விட, அது ஒரு மாதத்துக்குள் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது. அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மூத்த பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். செடிக்குள் குனிந்திருக்கும்போதும் ஒரு காதைக் காட்டுப் பக்கம் வைத்துக்கொள்வது, வாடை பிடிப்பது, எந்தப் பக்கம் ஓடுவது, கூட இருக்கிறவளை விட்டுவிட்டு ஓடாமல் இருப்பது. அவள் கூலி வாங்கியது காய்க்கு மட்டும்தான்.

“அவனுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்துருக்காங்களா?” என்று கேட்டாள்.

குடுத்திருக்கிறார்கள் என்றேன். சுமையோடு 5 கிலோமீட்டர் ஓடுவதை, சுடுவதை, கயிறு ஏறுவதைச் சொன்னேன்.

“தெனமுமா?”

“வண்டி ஓட்டுற நாள்ல எப்படிம்மா? மத்த நாள்ல.”

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பொறுக்கிய கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“வண்டி ஓட்டாத நாள் எது?”